தாண்ட வேண்டியவர் அந்த வாப்பாதான்



இன்று டிசம்பர் 3. சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். சுபஹுக்குப் பிறகு போனைத் திறந்ததிலிருந்து ஏழெட்டு வீடியோக்கள் வந்துவிட்டன. கையில்லாத ஒருவர் காலால் படம் வரைகிறார். செயற்கைக் காலோடு ஒரு சிறுமி ஓடுகிறாள். பின்னால் மனதை உருக்கும் இசை. கடைசியில் பெரிய எழுத்தில் ஒரு வரி: "இவர்களைப் பார்த்தும் நாம் குறை சொல்கிறோமே!"

அனுப்பியவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். அல்லாஹ் தந்த நிஃமத்துக்கு நன்றி செலுத்த வேண்டும் என்று நினைப்பதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் இந்த வீடியோக்களில் ஒரு விஷயம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. இவை அந்தப் பிள்ளைக்காக எடுக்கப்பட்டவை அல்ல. நமக்காக எடுக்கப்பட்டவை. நாம் இரண்டு நிமிடம் கண் கலங்கி, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு எழுந்து போகலாம். அந்தப் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியது எதுவும் அதில் இல்லை. ஏனென்றால் வீடியோவில் வரும் பிள்ளை எல்லாவற்றையும் தானே செய்துவிடுகிறது. படி இருந்தால் தவழ்ந்து ஏறுகிறது. நாம் கைதட்டுகிறோம். அந்தப் படியை ஏன் கட்டினோம் என்று யாரும் கேட்பதில்லை.

முழுநீளப் படங்களிலும் பெரும்பாலானவை இப்படித்தான். குறைபாட்டோடு ஒருவர் பிறக்கிறார், எல்லோரும் கேலி செய்கிறார்கள், அவர் விடாமல் முயல்கிறார், கடைசியில் மேடையில் பரிசு வாங்குகிறார். நமது பாடசாலைகளில் புரொஜெக்டர் கிடைக்கும் நாட்களில் இப்படியான படங்களைத்தான் தேடிப் பிடித்துப் போடுகிறோம். பிள்ளைகளுக்கு ஊக்கம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் 2024இல் வந்த 'ஸ்ரீகாந்த்' என்ற ஹிந்திப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஸ்ரீகாந்த் பொல்லா என்ற இந்தியரின் உண்மைக் கதை. பத்தாம் வகுப்பில் நல்ல புள்ளி எடுத்தும், பார்வையில்லை என்ற காரணத்தால் விஞ்ஞானப் பிரிவில் படிக்க அவரை விடவில்லை. வழக்குப் போட்டு அந்த இடத்தைப் பெற்றார். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்தார், தொழிற்சாலை தொடங்கினார். இந்தக் கதையைக் கேட்பவர்கள் "என்ன மன உறுதி!" என்கிறார்கள். எனக்கு முதலில் தோன்றுவது வேறு. அவரைத் தடுத்தது கண்ணா, காகிதத்தில் எழுதிய ஒரு விதியா? கண் அப்படியேதான் இருந்தது. விதி மாறியதும் அவர் படித்தார்.

நான் இன்று எழுத வந்தது அந்தப் படத்தைப் பற்றி அல்ல. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பற்றிய படங்களில் என் மனதில் முதலிடத்தில் இருக்கும் படம் வேறு. அதில் யாரும் பரிசு வாங்குவதில்லை.

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1999இல் எடுத்த படம் அது. பாரசீகத்தில் 'ரங்கே குதா'. 'அல்லாஹ்வின் நிறம்' என்று பொருள். பெயரைக் கேட்டதும் சூரத்துல் பகராவில் வரும் 'ஸிப்கத்துல்லாஹ்' என்ற சொல் நம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆங்கிலத்தில் 'தி கலர் ஒஃப் பரடைஸ்' என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள். மொன்றியல் திரைப்பட விழாவில் அந்த வருடத்தின் உயர்ந்த விருது இதற்குத்தான் கிடைத்தது. இதே மஜீதியின் 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' படத்தை, அந்த சப்பாத்துப் படத்தை, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அண்ணனும் தங்கையும் ஒரே சோடிச் சப்பாத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்களே, அது.

("ஈரான் படமா? அவர்கள் ஷீஆக்கள் அல்லவா?" என்று கேட்க நினைப்பவர்களுக்கு: இதில் அகீதா எதுவும் இல்லை. ஒரு பிள்ளையும் ஒரு வாப்பாவும் இருக்கிறார்கள். படமே பார்ப்பதில்லை என்று இருப்பவர்களையும் நான் மதிக்கிறேன். நான் கதையைச் சொல்கிறேன், கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

கதை இதுதான். எட்டு வயது முஹம்மத். பார்வையில்லை. தெஹ்ரானில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையில் படிக்கிறான். விடுமுறை தொடங்குகிறது. எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரும் வந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள். முஹம்மதின் வாப்பா வரவில்லை. அவன் வெளியே வாங்கில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அப்போது கூட்டிலிருந்து விழுந்த ஒரு குருவிக் குஞ்சின் சத்தம் அவன் காதில் விழுகிறது. ஒரு பூனை அதை நோக்கி வருவதும் கேட்கிறது. பூனையை விரட்டுகிறான். சருகுகளுக்குள் கையால் தடவித் தடவிக் குஞ்சைத் தேடி எடுத்துச் சட்டைப் பைக்குள் வைக்கிறான். பிறகு மரத்தைத் தடவிப் பார்த்து ஏறி, கூட்டைத் தேடிக் கண்டுபிடித்து அதை உள்ளே வைக்கிறான்.

கண் தெரிந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இதைச் செய்யும்? இந்தக் காட்சி முடியும்போதே, இந்தப் பிள்ளை 'வெல்ல' வேண்டிய குறை என்று ஒன்றுமில்லை என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. அவனுக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியும், மரம் ஏறத் தெரியும், இரக்கப்படத் தெரியும்.

கடைசியில் வாப்பா வருகிறார். வந்தவர் மகனைக் கூட்டிப் போக வரவில்லை. "இவனை இங்கேயே வைத்துக்கொள்ள முடியாதா?" என்று ஆசிரியர்களிடம் கேட்கிறார். அவர்கள் முடியாது என்கிறார்கள். இது பாடசாலை, அநாதை இல்லம் அல்லவே.

ஏன் அப்படிக் கேட்டார்? அவர் மனைவியை இழந்தவர். கரிச்சூளையில் வேலை செய்கிறார். ஊரில் ஒரு பெண்ணை நிகாஹ் பேசிக்கொண்டிருக்கிறார். பெண் வீட்டார் கட்டுப்பாடான மார்க்கப் பற்றுள்ள குடும்பம். தனக்குப் பார்வையில்லாத ஒரு மகன் இருக்கிறான் என்று அவர் அவர்களிடம் சொல்லவில்லை. தெரிந்தால் அபசகுனம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

இப்போது கொஞ்சம் நிறுத்துங்கள். இது வட ஈரானின் மலையடிவாரக் கிராமம் ஒன்றின் கதைதானா? நமது ஊரில் நடக்கவில்லையா?

பல வருடங்களுக்கு முன், வேறோர் ஊரில் படிப்பித்த காலம். தரம் இரண்டு. சுற்றாடல் பாடத்துக்காக "எனது குடும்பம்" என்று படம் வரையச் சொல்லி எல்லாவற்றையும் சுவரில் ஒட்டியிருந்தோம். ஒரு பிள்ளை உம்மா, வாப்பா, ராத்தா, தான் என்று நான்கு பேரையும், ஐந்தாவதாகக் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு பையனையும் வரைந்திருந்தாள். "இது யார்?" என்று கேட்டேன். "நானா" என்றாள். மூன்று வருடமாக அந்தக் குடும்பத்தைப் பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு நானா இருப்பது ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். உம்மா சுவரைப் பார்த்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்து, மெதுவாக என்னிடம் வந்து, "டீச்சர், அந்தப் படத்தக் கழட்டித் தாங்களே" என்றார். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த உம்மா கெட்டவர் இல்லை. அந்தப் பையனை இராப் பகலாகப் பார்த்துக்கொண்டவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் பயந்தது பையனைப் பார்த்து அல்ல, நம்மைப் பார்த்து. "அந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்காமே, பரம்பரையில் இருக்குமோ?" என்று கேட்கும் நமது வாயைப் பார்த்து. மாப்பிள்ளை வீட்டாருக்காக விசாரிக்கப் போகும் மாமிமார் முதலில் தேடுவது இதைத்தான். சீதனம் கேட்பது பிழை என்று ஜும்ஆவில் எத்தனையோ குத்பா கேட்டுவிட்டோம். தங்கைக்குக் கலியாணம் ஆக வேண்டும் என்பதற்காக நானாவைக் கட்டிலோடு மறைத்து வைக்கும் நிலைமை பற்றி ஒரு குத்பா இன்னும் கேட்கக் கிடைக்கவில்லை.

மஜீதி அந்த வாப்பாவை வில்லனாகக் காட்டவில்லை. அதுதான் படத்தின் பலம் என்று நினைக்கிறேன். அவருடைய களைப்பையும் காட்டுகிறார். வயதான தாய், இரண்டு பெண் பிள்ளைகள், பார்வையில்லாத மகன், சூளையில் உழைக்கும் உடம்பு. ஓர் இடத்தில் அவர் தன் தாயிடம் வெடித்துக் கத்துகிறார்: எனக்கு வயது போனால் என்னை யார் பார்ப்பது, உங்கள் அல்லாஹ் ஏன் எனக்கு உதவவில்லை என்று. கேட்கும்போது கோபம் வருவதைவிட வயிறு கலங்குகிறது. விசேட தேவையுள்ள பிள்ளையின் வாப்பாமார் பலர் இதே கேள்வியை வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு நம் பக்கத்தில்தான் தொழுகிறார்கள். நாம் "பொறுமையாக இருங்க, சொர்க்கம் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஒரு நாள் அந்தப் பிள்ளையை இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கொஞ்சம் வெளியே போய்விட்டு வாருங்கள் என்று யாராவது சொல்லியிருக்கிறோமா?

ஊருக்கு வந்த முஹம்மத் சந்தோஷத்தில் துள்ளுகிறான். வாப்பும்மாவும் தங்கைமாரும் அவனை உயிராக வைத்திருக்கிறார்கள். ஆற்றுக் கூழாங்கற்களைத் தடவி அதில் பிரெயில் எழுத்துகளைத் தேடுகிறான். கோதுமைக் கதிரைத் தடவி வாசிக்கிறான். பிரெயில் என்பது ஆறு புள்ளிகள்தான், இரண்டு வரிசையில் மும்மூன்றாக. அந்த ஆறு புள்ளிகளில் உலகத்து மொழிகள் பலவற்றை எழுதலாம், நமது தமிழையும் அரபையும் சேர்த்து. பிரெயிலில் அச்சிட்ட குர்ஆன்களும் இருக்கின்றன. நமது மத்ரஸாக்கள் எத்தனையில் ஒரு பிரதியாவது இருக்கிறது? "அப்படியான பிள்ளை யாரும் வருவதில்லையே" என்று பதில் வரும். வருவதில்லைதான். வந்தால் என்ன கொடுப்போம் என்று வீட்டாருக்குத் தெரியும், அதனால் வருவதில்லை.

ஒரு நாள் அவன் பிடிவாதம் பிடித்து, தங்கைமாரோடு ஊர்ப் பாடசாலைக்குப் போகிறான். ஓர் ஆசிரியராக நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த காட்சி அது. அவனைச் சேர்த்துக்கொள்ள அந்த ஊர் ஆசிரியருக்கு எந்தச் சுற்றுநிருபமும் வேண்டியிருக்கவில்லை. உட்கார ஓர் இடம் கொடுக்கிறார். அவனிடம் பிரெயில் புத்தகம் இருக்கிறது. விரலை வைத்து வாசிக்கிறான், வகுப்பே வாய் பிளந்து பார்க்கிறது. தொடர்ந்து அங்கேயே படித்திருக்கலாம். வாப்பாவுக்குத்தான் கோபம் வருகிறது. பிள்ளை நன்றாக வாசித்ததற்குக் கோபம்! ஏனென்றால் வாசித்தால் வெளியே தெரிந்துவிடும்.

பிறகு அவர் யாருக்கும் சொல்லாமல் அவனைத் தூரத்தில் பார்வையற்ற ஒரு தச்சரிடம் தொழில் பழகக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். அங்கேதான் முஹம்மத் முதல் தடவையாக உடைந்து அழுகிறான். தன்னை யாரும் நேசிக்கவில்லை என்கிறான். அல்லாஹ் பார்வையற்றவர்களை அதிகம் நேசிக்கிறான் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார், அப்படியென்றால் ஏன் அவனைப் பார்க்க முடியாதபடி எங்களைப் படைத்தான் என்று நான் கேட்டேன், அல்லாஹ்வைக் கண்ணால் யாரும் பார்க்க முடியாது, ஆனால் அவனை எங்கும் உணரலாம், விரல் நுனியால்கூட உணரலாம் என்று அவர் சொன்னார் என்கிறான். அதனால்தான் நான் எல்லா இடத்திலும் கையை நீட்டித் தடவிக்கொண்டே இருக்கிறேன் என்று அவன் சொல்லும்போது, அந்தத் தச்சருக்கும் பேச்சு வருவதில்லை. எழுந்து போய்விடுகிறார். இது அகீதா வகுப்பு அல்ல, ஓர் எட்டு வயதுப் பிள்ளையின் கலங்கிய மனது. அப்படியே கேளுங்கள்.

இன்னொரு விஷயம். முஹம்மதாக நடித்த முஹ்சின் ரமழானி என்ற பையனுக்கு உண்மையிலேயே பார்வையில்லை. உலகப் புகழ்பெற்ற இப்படியான படங்கள் பலவற்றில், நல்ல கண்ணும் காலும் உள்ள பெரிய நடிகர்கள் குறைபாட்டை நடித்துக் காட்டி விருது வாங்கியிருக்கிறார்கள். 'மை லெஃப்ட் ஃபுட்' படத்தில் பெருமூளை வாதமுள்ள கிறிஸ்டி பிரவுணாக நடித்து டேனியல் டே-லூயிஸ் ஒஸ்கார் வாங்கினார். அற்புதமான நடிப்பு, நான் மறுக்கவில்லை. ஆனால் முஹ்சினின் விரல்கள் பொய் சொல்லவில்லை. குருவிக் குஞ்சைத் தேடும் அந்தக் கையைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

வாப்பும்மாவால் தாங்க முடியவில்லை. பேரனைக் கொண்டுபோய் விட்டதை அறிந்து, மழையில் வீட்டை விட்டு இறங்கி நடக்கிறார். நோயில் விழுந்து மௌத்தாகிறார். பெண் வீட்டார் இதையே அபசகுனமாக எடுத்து நிகாஹை நிறுத்திவிடுகிறார்கள். எதற்காக மகனை மறைத்தாரோ அதுவும் கிடைக்கவில்லை.

மகனைத் திரும்பக் கூட்டிவரப் போகிறார். வழியில் ஒரு மரப் பாலம். அது உடைந்து முஹம்மதும் குதிரையும் ஆற்றில் விழுகிறார்கள். வாப்பா கரையில் நிற்கிறார். உடனே பாயவில்லை. சில விநாடிகள் அப்படியே நிற்கிறார். கமரா அவருடைய முகத்தைக் காட்டுகிறது. அந்தச் சில விநாடிகளில் என்ன நினைத்தார்? 'இதோடு முடிந்துவிட்டால்...' என்று நினைத்தாரா? படம் சொல்லவில்லை. பிறகு பாய்கிறார்.

என்னைக் கேட்டால் இந்தப் படத்தில் ஒருவர் ஒரு தடையைத் தாண்டுகிறார் என்றால், அது இந்த இடம்தான். தாண்டியவர் பார்வையில்லாத பையன் அல்ல, பார்வையுள்ள வாப்பா. அவர் தாண்ட எடுத்த நேரம் முழுப் படத்தின் நீளம்.

முடிவை நான் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் கடைசிக் காட்சியைப் பற்றி இன்னும் தர்க்கம் முடியவில்லை. கை அசைந்தது என்றால் உயிர் இருக்கிறது என்று ஒரு கட்சி, அது வேறு வெளிச்சம் என்று ஒரு கட்சி. நீங்களே பாருங்கள்.

இனி நமது விஷயத்துக்கு வருவோம்.

சூரா அபஸ ஏன் இறங்கியது என்று மத்ரஸாவில் ஓதிய எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். குறைஷித் தலைவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது மார்க்கம் கேட்டு வந்த பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). அவருக்காக வஹீ இறங்கியது. நாம் அதோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு மதீனாவில் அவர் என்னவாக இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிலால் (ரலி) அவர்களோடு சேர்ந்து அவரும் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின். நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே போன சந்தர்ப்பங்கள் பலவற்றில் ஊரைப் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போனதும் அவரிடம்தான்.

புகாரியில் வரும் செய்தியை நினைத்துப் பாருங்கள். பிலால் இரவிலேயே பாங்கு சொல்வார், இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும்வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். மதீனா முழுவதற்கும் ஸஹர் முடிவது பார்வையில்லாத ஒரு மனிதரின் குரலில்! விடிந்ததை அவர் எப்படி அறிவார்? அதே ஹதீஸில் அதற்கும் பதில் இருக்கிறது. காலையாகிவிட்டது, காலையாகிவிட்டது என்று மக்கள் அவரிடம் சொல்வார்கள், அதற்குப் பிறகு பாங்கு சொல்வார்.

இந்த ஒரு வரியைத்தான் நான் ஆசிரியர் பயிற்சிகளில் கேட்ட எல்லா விரிவுரைகளைவிடவும் பெரிதாக நினைக்கிறேன். "இவருக்குக் கண் தெரியாது, விடியலை அறிய முடியாது, வேறு ஆளைப் போடுவோம்" என்று மதீனாவாசிகள் சொல்லவில்லை. "எவ்வளவு மன உறுதி" என்று கண் கலங்கிக்கொண்டு நிற்கவும் இல்லை. வேலையை அவரிடம் கொடுத்தார்கள், அவருக்கு முடியாத ஒரு சிறு பகுதியைத் தாங்கள் செய்தார்கள். விடிந்துவிட்டது என்று சொல்வதற்கு எவ்வளவு செலவு?

இப்போது நமது பள்ளிவாசலைப் பாருங்கள். எந்த ஊர் என்று நான் சொல்லவில்லை, உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடி கட்டியிருக்கிறோம், மாபிள் பதித்திருக்கிறோம், ஏசி போட்டிருக்கிறோம். வாசலில் ஐந்து படி. சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி உள்ளே வருவது? "நாலு பேர் தூக்கிவிடுவோம், ஸவாபுதானே" என்பார்கள். ஐந்து வக்துக்கும் தூக்குவீர்களா? தூக்குவீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வளர்ந்த ஓர் ஆண் மகன் ஒவ்வொரு தொழுகைக்கும் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்ல விரும்புவாரா? வரமாட்டார். வீட்டில் தொழுவார். நாம் "பாவம், அவருக்கு ஏலாது" என்போம். அவருக்கு ஏலும். படிதான் ஏலாமல் செய்தது.

சில இடங்களில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். நல்லது. ஆனால் பலவற்றைப் பார்த்தால் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்குப் போட்டது போல இருக்கிறது. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. இரண்டடி உயர வாசலுக்கு நாலடியில் சாய்தளம் போட்டால் அதில் நாற்காலி ஏறாது, கவிழும். மேசன் பாஸிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வுழூ செய்யும் இடத்தில் ஒரு கைபிடியும், நாற்காலி நுழையும் அளவுக்கு ஒரு மலசலகூடக் கதவும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலி வழங்கும் வைபவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுப்பவர்களுக்கு அல்லாஹ் கூலி தரட்டும். ஆனால் பெனர் கட்டி, பத்துப் பேர் ஒரே நாற்காலியில் கை வைத்து, நடுவில் அந்தப் பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரியப் போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிறோமே, அந்தப் பிள்ளையிடம் கேட்டோமா? அதே நாற்காலியோடு அந்தப் பிள்ளை அடுத்த நாள் பாடசாலை வாசலுக்கு வந்தால் படியில்தான் நிற்கிறது. படியில் நிற்கும் போட்டோவை யாரும் எடுப்பதில்லை.

சட்டம் நம் பக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவருக்குக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதே வருடம் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை என்று உயர்த்தப்பட்டது. 'பிள்ளைகள்' என்று சொன்னால் எல்லாப் பிள்ளைகளும்தான், கட்டிலில் இருக்கும் நானாவையும் சேர்த்து.

ஆகவே தரம் ஒன்று அனுமதிக்கு ஒரு பெற்றோர் வந்து, "பிள்ளைக்குக் கொஞ்சம் காது கேட்பது குறைவு" என்று சொன்னால், "இங்கே வசதியில்லை, விசேட பாடசாலைக்குக் கொண்டு போங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது சரியல்ல. விசேட பாடசாலைகளின் சேவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1912இல் தொடங்கப்பட்டு இரத்மலானையில் இயங்கும் செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலையும், வடக்கில் கைதடி நஃபீல்ட் பாடசாலையும் எத்தனையோ பேரை ஆளாக்கியிருக்கின்றன. சில பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தம். ஆனால் முன்வரிசையில் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளையை ஏன் ஏழு மணித்தியாலப் பயணத்துக்கு அப்பால் அனுப்ப வேண்டும்? பெற்றோரும் விடாதீர்கள். அதிபரிடம் கேளுங்கள், முடியாவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கேளுங்கள். அரச பரீட்சைகளில் மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. முன்கூட்டியே, பாடசாலை ஊடாக, வைத்திய அறிக்கையோடு கேட்க வேண்டும். பரீட்சைக்கு முதல் கிழமை வந்து கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உதவியாளர் இல்லை, பயிற்சி போதாது, பாடத்திட்டம் முடிக்க வேண்டும், புலமைப்பரிசில் பெறுபேறு கேட்பார்கள். இதற்காகத் திணைக்களத்தோடு சண்டை பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கரும்பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்வது, வாயால் சொல்வதை எழுதியும் காட்டுவது, நடக்கக் கஷ்டமான பிள்ளையின் வகுப்பை மேல் மாடியில் வைக்காமல் கீழே வைப்பது, இவற்றுக்கு எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை.

"எங்கள் ஊரில் அப்படிப் பிள்ளைகள் அதிகம் இல்லை" என்று இந்தப் பதிவின் கீழ் யாராவது எழுதுவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமை உங்கள் குறுக்குத் தெருவில் வீடு வீடாக நினைத்துப் பாருங்கள். பெருநாளைக்கு எல்லோரும் வெளியே வரும்போது வராத ஒருவர் எந்த வீட்டிலாவது இருக்கிறாரா?

படம் ஒன்றரை மணித்தியாலம்தான். பாரசீக மொழி, ஆங்கில எழுத்தோடு. ஆபாசம் எதுவும் இல்லை, குடும்பத்தோடு பார்க்கலாம். பெற்றோர் கூட்டத்துக்கோ சங்கத்துக்கோ போட விரும்புபவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். எங்கள் பாடசாலை புரொஜெக்டருக்கு அதிபரிடம் நான் கேட்டுப் பார்க்கிறேன். தேவையான இடத்தில் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லித் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. வழக்கம்போல உம்மாமாரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் கடையில் இருந்துவிடாதீர்கள். வாப்பாமார் வர வேண்டும். இஷாவுக்குப் பிறகு வைத்தால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். எந்த நாள் சரி என்று கீழே எழுதுங்கள்.